தேவையில்லாத படங்கள்

சாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது செல்வலட்சுமிக்குப் பசிகூடத் தெரியவில்லை. முப்பத்திரண்டு லேபிளும் பாஸாகிவிட்டன. சங்குசக்கரம், புஸ்வாணம், சாட்டை, பென்சில், ராக்கெட், சரவெடி என்று ஒரு பட்டாசுக் கம்பெனியின் மொத்தச் சரக்குக்கும் புதிதாகப் போட்ட படங்கள். சிவகாசி அச்சக முதலாளி மாணிக்கராஜ் எதையும் லேசில் நல்லா இருக்கு என்று சொல்கிற ஆள் இல்லை. அவரே மாதிரிக்கு எடுத்த புரூப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழம பெரிய ஃபைல் அம்புட்டையும் கொண்டாந்துரும்மா. சனிக்கிழம அச்சுக்குப் பிளேட் போட்டுருவோம்" என்று சொல்லியிருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருசம் அவள் பட்டாசு ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற தொழிற்சாலையில் பெட்டிக்கு லேபிள் ஒட்டியவள். ஒரே மயில், ஒரே ரோசாப்பூ, ஒரே சிரிக்கிற குழந்தை. ஒரு நாளைக்கு ஆயிரம் பெட்டி ஒட்டும்போது, இந்த மயிலுக்குக் கழுத்து ஏன் வாத்து மாதிரி இருக்கிறது என்று எரிச்சல் வரும். வீட்டில் நோட்டுத்தாளில் வேறு மயில் வரைந்து பார்ப்பாள். பிறகு மாணிக்கராஜின் அச்சகத்தில் சேர்ந்து கம்ப்யூட்டரில் டிசைன் பழகி, கல்யாணத்துக்குப் பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்து வேலை பார்க்க ஆரம்பித்தாள். ஒட்டியவளே வரைகிறவளாக ஆனதில் அவளுக்கு வெளியே சொல்லாத ஒரு பெருமை உண்டு.

வீட்டு வாசலில் பாலகுருவின் பைக் நின்றது.

பாலகுரு அவள் கணவன் முனியராஜின் அக்கா புருசன். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். அதனால் சொந்தத்தில் யார் வீட்டில் செல்போன் சிணுங்கினாலும், டிவி படம் விழாவிட்டாலும், "பாலகுருவக் கூப்பிடு" என்றுதான் பேச்சு வரும். முனியராஜுக்கு அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அவர் செல்வலட்சுமியின் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் குளிர்ந்த கலர் சோடா பாட்டில். பக்கத்தில் கட்டில் விளிம்பில் முனியராஜ். இருவர் முகத்திலும் ஒரு திருப்தி.

"வாம்மா தங்கச்சி," என்றார் பாலகுரு. "ஒன் பிரச்சனைய முடிச்சு வச்சிட்டேன். இனி சிஸ்டம் குதிர கெணக்கா ஓடும்."

பிரச்சனை ஒரு மாசமாகவே இருந்தது. பெரிய படத்தைத் திறந்து ரெண்டு கலர் ஏற்றியதும் திரை உறைந்துபோகும். மெமரி போதவில்லை என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். அது எதனால் என்று செல்வலட்சுமி அப்போதே கண்டுபிடித்துவிட்டாள். எந்த புரோகிராம் எவ்வளவு மெமரி தின்கிறது என்று காட்டுகிற பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கம்ப்யூட்டர் போட்டதும் தானாகவே ஓட ஆரம்பிக்கிற ஆறு வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினாள். டிசைன் போடும்போது இன்டர்நெட்டை மூடினாள். டிஸ்க்கிலிருந்து கொஞ்சம் இடத்தை மெமரிக்குக் கடனாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றி வைத்தாள். உறைவது குறைந்தது, ஆனால் ஒரு கோட்டை இழுத்தால் அது திரையில் வந்து விழுவதற்குள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிடலாம். கடைசியில் பெட்டியையே திறந்து, தூசி ஊதி, உள்ளே சொருகியிருந்த ரேம் பட்டையைக் கழற்றி, ரப்பரால் துடைத்து மாட்டினாள். நாலு ஜிபி பட்டை ஒன்றே ஒன்று. பக்கத்தில் இன்னொன்று சொருகுவதற்கு இடம் காலியாகக் கிடந்தது. அதில் ஒரு எட்டு ஜிபி பட்டையைச் சொருகினால் தீர்ந்தது.

என்ன வகை, என்ன அளவு என்று துண்டுத் தாளில் எழுதி, தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வேன் ஓட்டுகிற முனியராஜிடம் கொடுத்தாள். "மதுரையில வாங்கிட்டு வாங்க" என்றாள். "மச்சான்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம்" என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். மூன்றாவது வாரமும் அதையே சொன்னான்.

இப்போது மச்சான் வந்திருக்கிறார்.

"ரேம் போட்டீகளா அண்ணே?" என்று கேட்டாள்.

"ரேமா? அதெல்லாம் கடக்காரன் காசு புடுங்குற வழிம்மா. மெமரி ஃபுல்லா அடச்சுக் கெடந்துச்சு. அதச் சுத்தம் பண்ணிட்டேன். இப்பப் பாரு, நூத்திநாப்பது ஜிபி ஃப்ரீ."

செல்வலட்சுமி கைப்பையைக் கீழே வைக்கவில்லை.

"எதச் சுத்தம் பண்ணீக?"

"டி டிரைவ்ல 'வேல'ன்னு ஒரு ஃபோல்டரு. தொறந்தா மயிலு, புலி, ரோசாப்பூன்னு வெறும் படமா கெடக்கு. அதுலயும் ஒரே படம் அஞ்சாறு தடவ. மயில் ஒண்ணு, மயில் ரெண்டு, மயில் கடைசி, மயில் கடைசிக்கும் கடைசி." அவர் முனியராஜைப் பார்த்துச் சிரித்தார். "இம்புட்டுத் தேவையில்லாத படத்த வச்சுக்கிட்டு மெமரி பத்தலன்னா எங்கிட்டுப் பத்தும்? மொத்தமாத் தூக்கிட்டேன்."

"அழிச்சிட்டீகளா?"

"ஆமா."

"குப்பைத்தொட்டியில கெடக்குமா?"

"அதையும் காலி பண்ணியாச்சு. அரகொறையா வேல செய்யுற பழக்கம் நம்மகிட்டக் கெடையாது."

செல்வலட்சுமி அவர் தோளுக்கு மேலே எட்டி மவுஸைப் பிடித்து டி டிரைவைத் திறந்தாள். 'வேலை' இல்லை. அது இருந்த இடத்துக்குப் பக்கத்தில் 'சினிமா' என்ற ஃபோல்டர் அப்படியே இருந்தது. முனியராஜ் சேர்த்து வைத்திருக்கிற முன்னூற்றுச் சொச்சம் படங்கள். பாதி அவனே பார்க்காதவை.

"இத ஏன் விட்டுட்டீக?" என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியாத குரலாக வந்தது. "இதுவும் படந்தான?"

"அது மாப்ள ஆசையாச் சேத்து வச்சதும்மா. அதுல போயி நம்ம எப்பிடிக் கைவைக்க?"

திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு சதவீதம் என்று காட்டியது. டிஸ்க்கை ஒழுங்குபடுத்துகிற வேலை. அதாவது, அங்கங்கே சிதறிக் கிடக்கிற ஃபைல்களை அள்ளிக் காலி இடத்தில் அடுக்குகிற வேலை. காலி இடம் என்று இப்போது அது நினைத்துக்கொண்டிருப்பது அவளுடைய மயிலையும் புலியையும்.

அழித்த ஃபைல் அந்த நிமிசமே ஒழிந்துவிடாது, அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரைக்கும் டிஸ்க்கில் கிடக்கும் என்று அச்சகத்தில் யாரோ சொல்லி அவள் கேட்டிருந்தாள். அது ஞாபகம் வந்ததும் மேசைக்கு அடியில் கையை விட்டு, யுபிஎஸ்ஸிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற வயரை ஒரே இழுப்பாக இழுத்துப் பிடுங்கினாள். திரை இருண்டது.

பாலகுரு நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "ஏம்மா! ஓடிக்கிட்டு இருக்கையில கரண்ட்டப் புடுங்குற? டிஸ்க்கு போயிருமே! படிச்ச புள்ள செய்யுற காரியமா இது?"

"எந்திரிங்க" என்றாள். ஏற்கனவே எழுந்து நின்றவரிடம் அதைச் சொன்னாள். "இந்தச் சேர விட்டு எந்திரிங்க."

"செல்வி!" என்று அதட்டினான் முனியராஜ். "பெரியவுககிட்டப் பேசுற பேச்சா இது? ஒனக்கு நல்லது செய்யணும்னு இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்துருக்காரு."

"நல்லதா? மூணு மாசமாப் போட்ட வேலைங்க அது. முப்பத்திரெண்டு லேபிளு. இப்பத்தான் பாஸாகி வந்தேன். வெள்ளிக்கிழம குடுக்கணும். பிளேட் போட நாள் குறிச்சாச்சு. இவரு குப்பன்னு தூக்கிட்டாரு."

"அதான் பென்டிரைவுல வச்சிருப்பேல்ல?"

"எதுல வச்சிருப்பேன்? தனியா ஒரு டிஸ்க்கு வாங்குவோம்னு நான் பொங்கலுக்குக் கேட்டேன். அதுக்கும் மச்சான்கிட்டக் கேட்டுக்குவோம்னுதான் சொன்னீக."

பாலகுரு சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "மாப்ள, கம்ப்யூட்டர்னா நாலு ஃபைல் போகத்தான் செய்யும். திருப்பிப் போட்டா வந்துரும். படந்தான? பொம்பளப் புள்ளைக கொஞ்சம் கோவப்படத்தான் செய்வாக. விடு."

செல்வலட்சுமி அவரை நேராகப் பார்த்தாள். "அண்ணே, எங்க வீட்டுல அடுப்பு ரெண்டு பர்னரு. ஒரே நேரத்துல நாலு சட்டி வைக்கணும், எடமில்லன்னு நான் சொல்றேன். நீங்க என்ன செஞ்சிருக்கீக தெரியுமா? பரண்ல ஏறி அங்கன இருந்த பானைய எல்லாம் தூக்கித் தெருவுல போட்டு ஒடச்சிட்டு, எடம் காலியாயிருச்சு, இனி அடுப்புல நாலு சட்டி வைக்கலாம்னு சொல்றீக. ரேமுங்கிறது வேற, டிஸ்க்குங்கிறது வேற. இது தெரியாம என்னத்தத் தொட்டீக?"

பாலகுருவின் முகம் சுருங்கியது. அந்த வீட்டில் யாரும் அவரிடம் 'தெரியாம' என்ற சொல்லைச் சொன்னதில்லை. பாதி குடித்த பாட்டிலை மேசை மேல் வைத்துவிட்டு, "வரேன் மாப்ள" என்றார்.

"மச்சான், சாப்பிட்டுட்டுப் போங்க."

"வயிறு நெறஞ்சுருச்சு."

பைக் சத்தம் தெருமுனையில் தேயும் வரைக்கும் முனியராஜ் வாசலில் நின்றான். திரும்பி வந்தவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "அவரு சாப்பிடாமப் போனது தெரிஞ்சா அக்கா என்ன நெனைக்கும்?" என்பதுதான். அழிந்துபோன லேபிளைப் பற்றி அவன் கேட்கவில்லை.

செல்வலட்சுமி திருப்புளியை எடுத்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, வயர் இரண்டையும் உருவி, நாலு திருகை விடுவித்து டிஸ்க்கை வெளியே எடுத்தாள். ஒரு திருகு கட்டிலுக்கடியில் உருண்டு ஓடியது. தேடவில்லை. காய்ந்த பருத்தித் துண்டில் டிஸ்க்கைச் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடி, டிரங்குப் பெட்டியிலிருந்து லேபிள்களுக்குப் பென்சிலில் வரைந்து வைத்த நோட்டுகளையும் ரெண்டு சேலையையும் பையில் திணித்தாள்.

"எங்க கெளம்புற?"

"சிவகாசிக்கு."

"இப்பத்தான அங்கிருந்து வந்த?"

"ஆமா. இப்பத்தான் வந்தேன். வந்த எடத்துல இருக்க முடியல."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெளியே வெயில் வெறித்துக் கிடந்தது. அவளுக்குப் பாலகுருமேல் இருந்த கோபம் ஒரு மாதிரி. அவர் தெரியாதவர், தெரிந்த மாதிரி நடக்கிறவர். முனியராஜ்மேல் வந்தது வேறு மாதிரி. அவள் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். என்ன வாங்க வேண்டும் என்று எழுத்துக்கு எழுத்து எழுதினாள். அவளுடைய கம்ப்யூட்டருக்கு என்ன குறை என்று அவளுக்குத் தெரியும் என்பதை அவன் நம்புவதற்கு இன்னொரு ஆம்பளை வந்து சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆள் வந்து தப்பாகச் சொன்னார். அதையும் நம்பினான்.

அச்சகத்தில் பிளேட் பிரிவு வினோலியாவின் பொறுப்பு. செல்வலட்சுமியைவிட ஏழெட்டு வயது இளையவள்; ரெண்டு பேரும் முன்பு ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். டப்பாவைத் திறந்து காட்டியதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அழிஞ்சதுக்குப் பெறகு எம்புட்டு நேரம் ஓடுச்சுக்கா?"

"ஒரு மணி நேரம் இருக்கும். டிஸ்க்க அடுக்குற வேல வேற போட்டு விட்டுருந்தாரு. பதினெட்டு சதவீதம் ஓடிருச்சு. நான் வயரப் புடுங்கிட்டேன்."

"புடுங்குனது நல்லதாப் போச்சு. முழுசா ஓடியிருந்தா இத இங்க கொண்டு வரவே வேண்டியதில்ல."

டிஸ்க்கைத் தன்னுடைய கம்ப்யூட்டரில் துணை டிஸ்க்காக மாட்டி, அதில் எதுவும் எழுதாமல் படிக்க மட்டும் செய்கிற மாதிரி வைத்து, அழிந்த ஃபைல்களைத் தேடுகிற புரோகிராமை ஓடவிட்டாள் வினோலியா. காலையில்தான் முடியும் என்று காட்டியது. செல்வலட்சுமி திருத்தங்கல்லில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா பஞ்சம்மாள் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசி போட்டாள்.

சாப்பிடும்போது முனியராஜின் போன் வந்தது.

"அக்கா அழுதுக்கிட்டுப் பேசுச்சு" என்றான். "மச்சான ஒக்காந்த எடத்துலருந்து எந்திரின்னு சொன்னியாம்."

"சொன்னேன். நீங்களுந்தான் இருந்தீக."

"அது மட்டுமில்ல. மச்சான் சொல்றாரு, நீ கரண்ட்டப் புடுங்குனதாலதான் எல்லாம் போச்சாம். இல்லன்னா அவரே திருப்பி எடுத்துக் குடுத்துருப்பாராம்."

செல்வலட்சுமி சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "நீங்க என்ன சொன்னீக?"

"நான் என்னத்தச் சொல்ல?" என்று இழுத்தான்.

"ஒங்க கண்ணு முன்னால அவரு என்ன சொன்னாரு? மொத்தமாத் தூக்கிட்டேன், தொட்டியையும் காலி பண்ணியாச்சுன்னு சொன்னாரா இல்லையா? கேட்டீகளா இல்லையா?"

"கேட்டேன். அதுக்காக அக்காகிட்ட எப்பிடிச் சொல்ல? அதுக்கு மனசு சங்கடப்படும்ல."

அவள் போனை வைத்துவிட்டாள். அம்மா தட்டில் மோர் ஊற்றினாள். "சாப்பிடு. வெறும் வயித்துல கோவப்பட்டா தலதான் வலிக்கும்" என்றாள்.

புதன்கிழமை காலையில் வினோலியா வாசலிலேயே காத்து நின்றாள். ஃபைல்கள் வந்திருந்தன. ஆனால் பேரெல்லாம் போய் வெறும் எண்களாக, ஆயிரக்கணக்கில் வந்திருந்தன. ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். சில முழுசாகத் திறந்தன. சில பாதி வரைக்கும் நிறமாக இருந்து கீழ்ப்பாதி சாம்பல் கட்டமாக நின்றன. சில திறக்கவே இல்லை. மத்தியானம் வரைக்கும் பார்த்ததில் பத்தொன்பது லேபிள் உயிரோடு கிடைத்தது. பதிமூன்று போனது போனதுதான்.

புலி போய்விட்டது. கழுத்து நீட்டிப் பார்க்கிற அந்த மயிலும் போய்விட்டது. கடைசி, கடைசிக்கும் கடைசி, எதுவும் மிஞ்சவில்லை.

அவள் மாணிக்கராஜின் அறைக்குள் போய், உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். "பதிமூணு லேபிளு இல்ல அண்ணாச்சி. அழிஞ்சிருச்சு."

"கம்ப்யூட்டர் ரிப்பேரா?"

ஆமாம் என்று சொல்லிவிடுவதுதான் சுலபம். குடும்பத்து விவகாரம் வெளியே போகாது. "ரிப்பேர் இல்ல அண்ணாச்சி. வீட்டுல ஒருத்தரு குப்பன்னு நெனச்சு அழிச்சிட்டாரு" என்றாள்.

மாணிக்கராஜ் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "கம்பெனிக்காரன் சீசனுக்கு முன்னாடி பெட்டி வேணும்னு தலைல உக்காந்துருக்கான். பிளேட்ட திங்கக்கிழமைக்குத் தள்ளுறேன். அதுக்கு மேல ஒரு நாள்கூட என்னால முடியாது. எங்கிட்டு ஒக்காந்து போடப் போற? மறுபடி அந்த வீட்டுலயா?"

"இங்கனயே ஒரு சிஸ்டம் குடுங்க."

அவர் வினோலியாவைக் கூப்பிட்டு, ஜன்னல் பக்கத்து மேசையைக் காட்டினார்.

அடுத்த ஐந்து நாளும் செல்வலட்சுமி அந்த மேசையில்தான் இருந்தாள். பென்சில் படத்தை மறுபடியும் ஸ்கேன் செய்து, அச்சகத்துக்குக் காட்டுவதற்காகப் போனில் ஏற்றியிருந்த சின்னப் புரூப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இறகாகப் போட்டாள். ஒரு தடவை சந்தோஷமாகப் போட்ட படத்தை இரண்டாவது தடவை போடுவது பெரிய கொடுமை. எந்தக் கோடு எங்கே வளைய வேண்டும் என்று கைக்குத் தெரியும். தெரிந்தும் அவ்வளவையும் முதலிலிருந்து வளைக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் பாலகுருவின் சிரிப்பு காதில் கேட்டது. மயில் கடைசி, மயில் கடைசிக்கும் கடைசி. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். வினோலியா டீ கொண்டு வந்து வைத்தவள், திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தப் புலி முந்துனதவிட ரொம்ப மொறைக்குது" என்றாள். செல்வலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை முனியராஜ் வந்தான். அச்சக வாசலில் வேனை நிறுத்திவிட்டு, உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றவனை வினோலியாதான் கூட்டி வந்தாள்.

"ஞாயித்துக்கிழம மச்சானும் அக்காவும் விருந்துக்கு வர்றோம்னாக" என்றான் மெதுவாக. "நீ வந்து ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுரும். பெரியவுகதான."

"என்ன வார்த்த?"

"கோவத்துல பேசிட்டேன்னு..."

அவள் எழுந்து, மீட்டெடுத்த ஃபைல்கள் இருந்த திரைக்கு அவனைக் கூட்டிப் போனாள். பாதி சாம்பலான ரோசாப்பூவைக் காட்டினாள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத குழந்தையைக் காட்டினாள். திறக்கவே மறுத்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். பிறகு நன்றாக வந்த பத்தொன்பதையும் வரிசையாகத் திறந்தாள். திரை நிறைய நிறம்.

முனியராஜ் குனிந்து பார்த்தான். "இது அம்புட்டும் நீ போட்டதா?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "மூணு மாசமா ஒங்க கட்டிலுக்கு எதுத்தாப்புல ஒக்காந்துதான் போட்டேன். நீங்க அங்கனதான் சினிமா பாத்துக்கிட்டு இருந்தீக. ஒரு நாளாச்சும் என்ன போடுறன்னு கேட்டீகளா? கேட்டுருந்தா, அவரு அழிக்கையில, அது செல்வியோட வேல, தொடாதீகன்னு ஒரு வார்த்த வந்துருக்கும். ஒங்களுக்கும் அது வெறும் படந்தான்."

பிளேட் பிரிவில் இருந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தார்கள்.

"ஞாயித்துக்கிழம நான் வர மாட்டேன். திங்கக்கிழம வேலைய முடிச்சுக் குடுத்துட்டுத்தான் வருவேன். நான் யாருகிட்டயும் எந்த வார்த்தையும் சொல்லப் போறதில்ல. யாரு அழிச்சான்னு ஒங்களுக்குத் தெரியும். சொல்ல வேண்டிய ஆளு நீங்கதான்."

அவன் திரையில் இருந்த படங்களை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு போய் வேனை எடுத்தான்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு முப்பத்திரண்டு ஃபைலும் மாணிக்கராஜின் மேசைக்குப் போனது. அவர் எல்லாவற்றையும் பார்த்தார். எது பழசு, எது புதுசு என்று அவருக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "அடுத்த ஆர்டரும் ஒனக்குத்தான்" என்று மட்டும் சொன்னார்.

செல்வலட்சுமி அங்கிருந்து நேராகக் கடைவீதிக்குப் போய் எட்டு ஜிபி ரேம் பட்டை ஒன்றும், ஃபைல்களைப் பிரதி எடுத்து வைக்கத் தனியாக ஒரு டிஸ்க்கும் வாங்கினாள். வாங்குகிற நேரம் கால் மணிகூட ஆகவில்லை. இந்தக் கால் மணி நேர வேலைக்கா ஒரு மாசம் காத்திருந்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். பழைய டிஸ்க்கை மாட்டினாள். காலியாக இருந்த இடத்தில் பட்டையை வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினாள். இரு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பிடித்துக்கொண்டன. பெரிய லேபிள் ஃபைல் மூன்றை ஒரே நேரத்தில் திறந்து பார்த்தாள். திரை உறையவில்லை. மெமரி பாதிகூட நிறையவில்லை. முனியராஜ் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டாள். என்ன என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் வராததால் தள்ளிப்போன விருந்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலகுருவும் மனைவி சண்முகத்தாயும் வந்தார்கள். செல்வலட்சுமி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். இலையில் குறை வைக்கவில்லை. மதினி சண்முகத்தாய் உம்மென்று சாப்பிட்டாள். பாலகுரு கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்தபடி கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தார்.

"இப்ப எப்பிடி ஓடுது மாப்ள? வேகமா ஓடுதுல்ல?"

"ஓடுது மச்சான்."

"ஓடும். அன்னிக்கு நான் சுத்தம் பண்ணுன வேல அது. தங்கச்சிதான் புரியாம வயரப் புடுங்கி, இருக்குற ஃபைலயும் போக்கிருச்சு. போகட்டும், நான் மனசுல வச்சுக்கல."

செல்வலட்சுமி எச்சில் இலையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். கையில் இருந்த இலை நசுங்கியது. அவள் வாயைத் திறப்பதற்குள் முனியராஜ் பேசினான்.

"இல்ல மச்சான்."

பாலகுரு திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதான் அழிச்சீக. நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். என்ன ஃபோல்டருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியல. நானும் சும்மா இருந்தேன்." அவன் சண்முகத்தாய் பக்கம் திரும்பினான். "அக்கா, நீயும் கேட்டுக்க. இவ வயரப் புடுங்குனதாலதான் பத்தொம்பது மிஞ்சுச்சு. இல்லன்னா ஒண்ணும் இருந்துருக்காது. இப்ப வேகமா ஓடுறது இவ வாங்கி மாட்டுன ரேமால. ஊர்ல நீ மாத்திச் சொல்லியிருந்தா, போயிச் சரியாச் சொல்லிரு."

"ஏலே, பொண்டாட்டி பேச்சக் கேட்டுக்கிட்டு மச்சான நிக்க வச்சுக் கேள்வி கேக்குறியா?" என்றாள் சண்முகத்தாய்.

"பேச்சக் கேட்டுச் சொல்லலக்கா. கண்ணால பாத்ததச் சொல்றேன்."

பாலகுரு செருப்பைத் தேடி மாட்டினார். வாசற்படியில் நின்று, செல்வலட்சுமியைப் பாராமல் முனியராஜிடம், "இனி ஒங்க வீட்டுச் சிஸ்டத்துக்கு என்னையக் கூப்பிடாத" என்றார்.

"கூப்பிட மாட்டோம் அண்ணே" என்றாள் செல்வலட்சுமி. "சாப்பிட எப்ப வேணாலும் வாங்க."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அந்த வருசம் இருக்கன்குடிக் கோயிலுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வேன் பிடித்துப் போனபோது சண்முகத்தாய் செல்வலட்சுமியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. செல்வலட்சுமியும் வலியப் போய்ப் பேசவில்லை. பாலகுருவை யாராவது கம்ப்யூட்டர் பார்க்கக் கூப்பிட்டால், "எதையும் அழிக்காமப் பாருங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள் என்று காதில் விழுந்தது. அதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் ஆறியது. முழுசாக ஆறவில்லை.

ஒரு நாள் மத்தியானம் முனியராஜ் லோடு இறக்கிவிட்டு வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். புது ஆர்டருக்கு அவள் ஒரு மீன்கொத்தி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது என்ன, ராக்கெட்டுக்கா?" என்று கேட்டான்.

"புஸ்வாணத்துக்கு."

அவன் இன்னும் கொஞ்சம் குனிந்து திரையைப் பார்த்தான். "இன்னமும் கோவமாத்தான் இருக்கியா?"

"ஆமா" என்றாள், திரும்பாமல். "போனதும் சொல்றேன். நீங்களா கேக்காதீக."

அவன் சரி என்றான். போய்ப் படுக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் இறகுக்கு நீலம் ஏற்ற ஆரம்பித்தாள்.